திறந்து வைத்த குஞ்சுப் பெட்டி

"விலகுங்கோ... விலகுங்கோ! அந்தப் பிள்ளையை முதல்ல உள்ள விடுங்கோ!"

செல்வரத்தினம் போட்ட சத்தத்தில், மருந்துக்காக நின்ற வரிசை இரண்டாகப் பிளந்தது.

வெளியே மழை. தலவாக்கலைப் பக்கத்து மழை கொட்டித் தீர்த்துவிட்டுப் போகிற மழையல்ல. பெய்கிறதா, நின்றுவிட்டதா என்று தெரியாமல் மலையின் மேல் நாள் முழுக்கப் படுத்துக் கிடக்கும். அதில் நனைந்தபடி வரிசையின் கடைசியில் ஒரு பெண் நின்றாள். கறுப்புக் கம்பளியைச் சுருட்டி நெஞ்சோடு அணைத்திருந்தாள். சுருட்டலுக்குள் ஏதோ அசைந்தது. மெல்லிய, வலுவில்லாத ஒரு முனகல் கேட்டது...

கருக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்கு அவன் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சராக வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஆனால் கம்பளிச் சுருட்டல் என்றால் என்னவென்று அதற்குள் தெரிந்துவிட்டது. போன வாரம் மேற்கணக்குத் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து இப்படித்தான் ஒரு சுருட்டல் வந்தது. பிரித்துப் பார்த்தபோது குழந்தை குளிர்ந்து கிடந்தது. வரிசையில் நின்று தன் முறை வரும்வரை காத்திருந்தாள் அந்தத் தாய். யாரும் அவளை முன்னே விடவில்லை. அவனும் பார்க்கவில்லை. அன்றிலிருந்து அவனுக்குச் சரியான தூக்கம் இல்லை.

"எப்ப பிறந்தது?"

"விடியக்காலையிலதாங்க ஐயா..."

"தாய் எங்க? அவவுக்கு ரத்தப்போக்கு இருக்கே?"

"தாய் இல்லீங்க. பொட்டியிலதாங்க பொறந்துச்சு..."

குளிரில் பிதற்றுகிறாள் என்று நினைத்தான். சுருட்டலை வாங்கி மேசைமேல் வைத்து, சுடுநீர்ப் போத்தலை ஒரு கையில் எடுத்துக்கொண்டு மறுகையால் கம்பளியை விரித்தான்.

கோழிக்குஞ்சுகள். ஈரம் காயாத, கண் பாதி மூடிய குஞ்சுகள். ஒன்றின் முதுகில் ஓட்டின் பாதி ஒட்டிக்கொண்டிருந்தது. ஒன்றின் வயிற்றில் இரத்தம் கசிந்தது. ஒன்று இரண்டு கால்களையும் பக்கவாட்டில் பரப்பிக்கொண்டு, நீந்துவது போலக் கம்பளியில் துழாவியது.

வரிசை முழுவதும் சிரித்தது. முன்னால் நின்ற ராசம்மா வெற்றிலை எச்சிலைத் துப்பிவிட்டு வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஆம்பளப் புள்ளையாங்க ஐயா, பொம்பளப் புள்ளையா? பேரு வச்சி அனுப்புங்க!"

அவன் முகம் சிவந்தது. சுடுநீர்ப் போத்தல் இன்னும் கையில் இருந்தது. அதுதான் அவனுக்கு மிகவும் அவமானமாக இருந்தது.

"இது ஆசுப்பத்திரி! கோழிக்கூடெண்டு நினைச்சீரே? எடுத்துக்கொண்டு வெளியால போம்!"

அவள் உடனே போகவில்லை. நிமிர்ந்து பார்த்தாள். பெரிய கண்கள். இமை மயிரில் மழைத்துளி நின்றது. மழைத்துளிதானா என்று அவனுக்குச் சந்தேகமாக இருந்தது...

"அதுங்களுக்கும் ரத்தம் செவப்பாத்தாங்க வருது," என்றாள்.

கம்பளியை அள்ளிக்கொண்டு மழைக்குள் இறங்கிப் போய்விட்டாள்.

"யார் அந்தப் பிள்ளை?" என்று பிறகு கேட்டான்.

"ஆண்டியப்பன் மவ வேலாயிங்க. பங்களாவுல தொரைசானியோட கோழிங்களைப் பாக்குறா. சீமையிலேருந்து வந்த, முட்டை பொரிக்கிற குஞ்சுப் பெட்டி ஒண்ணு இருக்கே, லாம்பு எரிஞ்சிக்கிட்டு... அது அவ பொறுப்புத்தான்," என்றாள் ராசம்மா. "தாயில்லாப் புள்ளைங்க ஐயா. வெரட்டிப்புட்டீங்களே."

மேசையைத் துடைக்கும்போதுதான் பார்த்தான். மடித்து வைத்த துணிக்கு அடியில் ஒரு குஞ்சு கிடந்தது. கால் பரப்பிய குஞ்சு. அவசரத்தில் விட்டுப் போயிருக்கிறாள். தொட்டான். இன்னும் சூடு இருந்தது.

*

மதியம் அதைச் சட்டைப் பைக்குள் வைத்து, மேலே கையால் மூடிக்கொண்டு பங்களாவுக்கு ஏறினான். துரையும் துரைசானியும் கொழும்புக்குப் போயிருந்தார்கள். பங்களாவின் பின்புறத்துத் தகரக் கொட்டிலின் வாசலில் வேலாயி குந்தியிருந்தாள். அவளுக்கு முன்னால் வாழையிலைத் துண்டில் செத்த குஞ்சுகள் வரிசையாகக் கிடந்தன.

"இதை விட்டிட்டு வந்திட்டீர்."

"விட்டுட்டு வரலீங்க. நீங்கதாங்க வெரட்டுனீங்க."

வாங்கிக்கொண்டாள். குஞ்சைக் கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்தாள். அவன் சட்டைப் பை ஈரமாகியிருந்ததைப் பார்த்ததும் அவள் முகத்தில் கோபம் கொஞ்சம் இளகியது. அதை அவன் கவனித்தான். கவனிக்காத மாதிரி குனிந்து பெட்டியைப் பார்த்தான்.

மரப்பெட்டி. பக்கத்தில் மண்ணெண்ணெய் விளக்கு. முன்புறம் கண்ணாடிக் கதவு. உள்ளே தட்டில் முட்டைகள் அப்படியே கிடந்தன. பெரும்பாலானவற்றில் சிறு துவாரம். துவாரத்தில் அசையாத ஓர் அலகு. ஒரு முட்டையை எடுத்துப் பார்த்தான். ஓட்டுக்குள் இருக்கும் சவ்வு தப்பு மேளத்தின் தோல் போலக் காய்ந்து குஞ்சை இறுக்கியிருந்தது.

"இவ்வளவு தூரம் வந்து, வெளியால வர ஏலாமல் செத்துப் போயிருக்குது. ஏன் இப்பிடிக் காய்ஞ்சது? இந்தக் கதவு ஏன் திறந்து கிடக்குது?"

"நான்தாங்க தொறந்து வச்சேன்."

"எவ்வளவு நேரம்?"

"கொத்த ஆரம்பிச்சதிலேருந்தே. குளிருமேன்னு திரியைத் தூண்டி விட்டேன். கோழித்தீனிப் பீப்பாய், அலமாரி, சன்னல்... எல்லாத்தையும் தொறந்து வச்சேங்க. சாக்குக் கட்டையெல்லாம் அவுத்துப்புட்டேன்."

"சாக்குக் கட்டை அவிழ்த்தால் முட்டைக்கு என்ன வரும்?"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலையில் வரிசை சிரித்த சிரிப்புக்குப் பதில் சிரிப்பு போலப் பலமாகவே வந்தது.

"விசரே உமக்கு?"

வேலாயி சிரிக்கவில்லை.

"பிரசவ வலி எடுத்தா வீட்டுல மூடுனது, முடிஞ்சது ஒண்ணும் இருக்கக் கூடாதுங்க. பொட்டியைத் தொறக்கணும். முடிச்சை அவுக்கணும். அப்பத்தான் புள்ளைக்கு வழி கெடைக்கும். எங்க லயத்துல அப்பிடித்தான்." குஞ்சின் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னாள். "எங்கம்மாவுக்கு வலி எடுத்தப்ப எல்லாத்தையும் தொறந்தாங்க. தகரப்பொட்டி ஒண்ணு மட்டும் பூட்டிக் கெடந்துச்சு. சாவி அப்பாகிட்ட. அப்பா தலவாக்கலைக்கு அரிசி வாங்கப் போயிருந்தாரு. அவரு வந்து தொறக்கிறதுக்குள்ள... அம்மாவும் போயிட்டாங்க, உள்ள இருந்த தம்பியும் போயிட்டான்."

அவன் சிரிப்பு எங்கே போயிற்று என்று அவனுக்கே தெரியவில்லை.

பூட்டிய பெட்டிக்கும் செத்த தாய்க்கும் சம்பந்தமில்லை என்று அவனால் சொல்ல முடியும். ஒரு மருத்துவச்சி இருந்திருந்தால், ஒரு லொறி இருந்திருந்தால் என்றும் சொல்ல முடியும். எதைச் சொன்னாலும் அவளுக்கு என்ன ஆறுதல்? இந்தக் குஞ்சுகளை அவள்தான் காயவைத்துக் கொன்றாள். பாசத்தினால் கொன்றாள். அதை அவளே புரிந்துகொண்டுதான் வாழையிலையின் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள்...

சட்டைக் கையை மடித்தான்.

"வெந்நீர் இருக்கே? பஞ்சு நான் கொண்டு வந்திருக்கிறன். உயிரோட இன்னும் ஏதாவது இருக்குதோ எண்டு பாப்பம்."

ஒவ்வொரு முட்டையாகக் காதில் வைத்துப் பார்த்தார்கள். மூன்றில் மட்டும் சத்தம் கேட்டது. வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து, அலகை விட்டுவிட்டு, காய்ந்த சவ்வை மட்டும் தொட்டுத் தொட்டு நனைத்தார்கள். சவ்வு மெல்ல இளகிக் கண்ணாடி போலத் தெளிந்தது. அதற்குள் சிவப்பு இழைகள் ஓடின.

வேலாயியின் விரல் ஓட்டை உரிக்கப் போனது. அவன் அந்த விரலைப் பிடித்தான்.

"பொறும். இதில இன்னும் ரத்தம் ஓடுது. இப்ப உரிச்சால் ரத்தம் போய்ச் செத்துப்போகும். காலையில நீர் உரிச்சது அப்பிடித்தான் போயிருக்கும். கொடி தானாக வத்த வேணும்."

"காத்துக்கிட்டே இருந்தா மூச்சு முட்டிச் செத்துப்போவுமுங்களே?"

"அதுவும் நடக்கும்."

"அப்ப எப்பத்தாங்க உரிக்கிறது?"

"எனக்கும் தெரியாது. நான் படிச்சது மனிசருக்கு."

அவள் முதல் தடவையாகச் சிரித்தாள். அப்போதுதான் அவன் இன்னும் அவள் விரலைப் பிடித்துக்கொண்டிருப்பது இருவருக்கும் தெரிந்தது...

கதவை மூடினார்கள். உள்ளே ஒரு தட்டில் வெந்நீர் வைத்தார்கள். கண்ணாடியில் ஆவி படிந்தது. அதன் முன்னால் இரண்டு முகங்கள், தோளோடு தோள் படாமல் எச்சரிக்கையாக... பிள்ளைப்பேற்று அறைக்கு வெளியே காத்திருக்கும் உறவினர்களைப் போல.

மாலைக்குள் ஒன்று தானாக வெளியே வந்தது. ஒன்று அவர்கள் உதவியோடு வந்தது. மூன்றாவது வரவில்லை. அந்தச் சத்தம் நின்றதை வேலாயிதான் முதலில் கேட்டாள்.

கால் பரப்பிய குஞ்சைச் செய்தித்தாளின் மேல் விட்டபோது வழுக்கி வழுக்கி விழுந்தது. அவள் தன் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து விரித்தாள். சாக்கின் சொரசொரப்பில் கால் கொஞ்சம் பிடித்தது. அவன் கட்டுத்துணியை நூலளவுக்குக் கிழித்து, இரண்டு கால்களும் நிற்கிற அகலத்தில் இருக்கும்படி எட்டுப் போலக் கட்டினான். குஞ்சு எழுந்தது. மூக்குக் குப்புற விழுந்தது. மறுபடி எழுந்தது.

"நாளைக்கு வந்து கட்டு மாத்த வேணும்," என்றான்.

மாற்ற வேண்டியது கட்டுத்தானா என்று அவன் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

*

அதன் பிறகு தினமும் பிற்பகலில் அவனுக்குப் பங்களாப் பக்கம் ஏதாவது வேலை இருந்தது. சில நாள் மழை வழியில் பிடித்துக்கொள்ளும். சில நாள் மழை இல்லாமலே கொட்டிலில் ஒதுங்குவான்.

விரல் நுனியில் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு, தலை தூக்க முடியாத குஞ்சின் அலகோரத்தில் வைப்பாள் வேலாயி. வாய்க்குள் ஊற்ற மாட்டாள். ஊற்றினால் நெஞ்சுக்குள் போய்விடும் என்று ஒரு குஞ்சைப் பறிகொடுத்துக் கற்றுக்கொண்டிருந்தாள். பின்பக்கம் எச்சம் அடைத்துக்கொண்ட குஞ்சை வெந்நீரில் துடைப்பான் அவன். இழுத்தால் தோல் உரியும் என்று அவன் கற்றதும் அப்படித்தான். இருவரும் செத்தவற்றிடம்தான் பாடம் படித்தார்கள்.

"கட்டுப் போட்டவனுக்குப் பேரு வச்சிட்டேங்க ஐயா."

"என்ன பேர்?"

"டிஸ்பென்சர்."

"என்னது?"

"வெறப்பா நிக்கிறான். விழுந்தாலும் விழுந்தது தெரியாத மாதிரி மூஞ்சியை வச்சிக்கிறான்."

"உமக்கு வாய் கூடிப்போச்சு."

"இத்தன நாளா கோழிங்களோடதாங்க பேசிக்கிட்டு இருந்தேன். அதுங்க திருப்பிப் பேசுனதில்ல..."

சிரிக்கும்போது முந்தானையால் வாயை மூடிக்கொள்வாள். கண்களை மூட அவளுக்குத் தெரியாது. அந்தக் கண்களைத்தான் அவன் தன் குவாட்டர்ஸ் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போவான்.

இப்படியே போயிருக்கலாம். ஒரு நாள் அவள் சிரிக்கவில்லை. தட்டில் தண்ணீர் மாற்றிக்கொண்டே சொன்னாள்.

"எங்க மனு தள்ளுபடியாயிருச்சுங்க. குடியுரிமை இல்லையாம். இனிமே இங்க இருந்து என்னா, இந்தியாவுக்கே போயிருவோம்ங்கிறாரு அப்பா. துறையூர்ப் பக்கம் மாமன் மவன் இருக்காரு. கண்ணுல பாத்ததில்ல."

"எப்ப?"

"பாஸ்போர்ட்டு எடுக்கணும். அடுத்த மாசம்ங்கிறாங்க." அவள் குனிந்தே இருந்தாள். தட்டில் நிரம்பிய தண்ணீர் வழிந்தது. "பாஸ்போர்ட்டுல பேரு எழுதறதுக்கு முந்தி... இந்த ஊருப் பிரஜையா உள்ளவங்க யாராச்சும் கல்யாணம் பதிஞ்சு கட்டிக்கிட்டா, அந்தப் பொண்ணு இங்கேயே நிக்கலாமாம். ராசம்மாக்கா சொன்னாங்க..."

ஒரு பெண் இதற்கு மேல் என்ன சொல்ல முடியும்? இதைச் சொல்லவே அவள் எத்தனை தடவை அந்தத் தட்டில் தண்ணீர் மாற்றியிருப்பாள்?

அவனுக்குப் புரிந்தது. அவன் இந்த ஊர்ப் பிரஜைதான். யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரியில் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் அம்மாவும், கல்யாணத்துக்குக் காத்திருக்கும் இரண்டு தங்கைகளும் அந்தக் கொட்டிலுக்குள் வந்து நின்றார்கள்.

"கொஞ்சம் பொறும், வேலாயி," என்றான். "யோசிக்க வேணும்."

"சரிங்க ஐயா."

நம்பிக்கையோடுதான் சொன்னாள்.

*

அவன் யோசித்து முடிப்பதற்குள் மற்றவர்கள் யோசித்துவிட்டார்கள். பெரிய கிளாக்கர் துரைராசா ஒரு காலை மருந்து அறைக்கே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவரும் யாழ்ப்பாணத்துக்காரர். தோட்டத்தில் நரைத்தவர்.

"தம்பி, உம்மட நன்மைக்குத்தான் சொல்லுறன். லயத்துச் சனத்தோட கதைக்கலாம். மருந்து குடுக்கலாம். செத்தால் சவத்துக்கும் போகலாம். அதுக்கு மேல ஒரு அடி வைச்சீரெண்டால், துரைக்கு முதல் உம்மட கொம்மாவுக்குச் செய்தி போகும். பிறகு உம்மட தங்கச்சிமாரை ஆர் கேட்டு வருவினம்?"

"அப்பிடி ஒண்டும் இல்லை, அண்ணை."

"இல்லையெண்டால் நல்லது. கோழி வைத்தியத்தை விடும்."

அந்த நேரத்தில்தானா அவள் வர வேண்டும்? வாசலில் வேலாயி நின்றாள். கையில் கழுத்துச் சாய்ந்த ஒரு குஞ்சு. அது ஒரு சாக்கு என்று செல்வரத்தினத்துக்குத் தெரியும். பாஸ்போர்ட்டுக்குப் படம் பிடிக்க நாளை ஹட்டனுக்குப் போகிறார்கள் என்று ராசம்மா முதல் நாளே சொல்லியிருந்தாள். பதில் கேட்க வந்திருக்கிறாள்...

துரைராசா காலின்மேல் கால் போட்டுக்கொண்டு அவனையே பார்த்தார்.

"இனிமேல் கோழிக்குஞ்சு ஒண்டும் இஞ்ச கொண்டு வர வேண்டாம்," என்றான் செல்வரத்தினம். சுவரைப் பார்த்துச் சொன்னான். "இது மனிசருக்கு."

அவள் கண்கள் அவன் முகத்தில் ஒரு கணம் எதையோ தேடின. பிறகு தேடுவதை விட்டுவிட்டன.

"சரிங்க ஐயா," என்றாள். "மனுசங்களுக்கு இங்க என்னா கெடைக்குதுன்னு பாத்துக்கிட்டேங்க."

அன்று அவன் பங்களாப் பக்கம் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. நாளைக்குப் போகலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தான். ஒரு மனிதன் தன்னைத்தானே ஏமாற்ற நாளையைவிட நல்ல சொல் கிடையாது.

வேலாயியும் கேட்டனுப்பவில்லை. ஏழைக்கு என்ன மானம் என்று லயத்துக்கு வெளியே இருப்பவர்கள் நினைப்பார்கள். கேட்ட கேள்விக்கு ஒரு முறை பதில் வரவில்லையென்றால் இரண்டாம் முறை கேட்காத மானம் அவளிடம் இருந்தது.

அடுத்த ஈடு முட்டைகள் பொரிக்கத் தொடங்கியபோது கொட்டிலில் அவள் தனியாக இருந்தாள். கதவைத் திறக்கவில்லை. கைகள் பரபரத்தன; இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு ஓடாக வெடித்தது. ஈரக் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து எழுந்தன. கடைசியில் ஒன்று மட்டும் துவாரத்தோடு நின்றுவிட்டது. நேரம் போனது. சத்தம் தேய்ந்தது. அப்போதுதான் அதை வெளியே எடுத்து, வெந்நீர்ப் பஞ்சால் சவ்வை நனைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

சிவப்பு இழைகள் இல்லை. வற்றிவிட்டன.

நகத்தால் ஓட்டைக் கொஞ்சமாகச் சுற்றி உடைத்தாள். மூடியைத் தூக்கினாள். உள்ளங்கையில் குஞ்சு சரிந்து விழுந்தது. இரத்தம் வரவில்லை. மூச்சு வந்தது. கழுத்தைத் தூக்கிக் கத்தியது.

"ஐயா, பாருங்களேன்...!" என்று திரும்பினாள்.

வாசலில் மழை மட்டும்தான் நின்றது.

அதுவரை அழாதவள் அப்போதுதான் அழுதாள்.

*

அவர்கள் போகிற நாள் அவனுக்குத் தெரியும். தோட்டம் முழுவதற்கும் தெரியும். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் ஆண்டியப்பனின் பெயர் கூப்பிடப்படவில்லை. லயத்தின் முன்னால் ஒப்பாரி போலத்தான் வழியனுப்பினார்கள். செல்வரத்தினம் மருந்து அறையில் இருமல் மருந்து கலக்கிக்கொண்டிருந்தான். போத்தலில் ஊற்றியது வெளியே வழிந்தது.

வரிசையின் முன்னால் ராசம்மா நின்றாள். அன்று அவள் பகிடி பேசவில்லை.

"எனக்கு மருந்து வேணாங்க ஐயா. அந்தப் புள்ள ரயில் ஏறப்போவுது. நீங்க இங்க நிக்கிறீங்களான்னு பாத்துட்டுப் போவ வந்தேன். நிக்கிறீங்க."

அவள் திரும்பிப் போனாள்.

அவன் மருந்து அறையைப் பூட்டவில்லை. வெள்ளைக் கோட்டைக் கழற்றவில்லை. தேயிலைக்கு நடுவே குறுக்குப்பாதையில் இறங்கி ஓடினான். கிளாக்கர்மாரின் அறையைத் தாண்டும்போது துரைராசா ஜன்னலில் எழுந்து நின்றதும், கொழுந்து பறிக்கும் பெண்கள் கை நிறுத்திப் பார்த்ததும் அவனுக்குத் தெரிந்தன. அது வேறு யாருக்கோ நடப்பது போல இருந்தது. தங்கைகளின் முகம் வந்தது. அம்மாவின் முகம் வந்தது. ஓட்டம் நிற்கவில்லை.

தலவாக்கலை ஸ்டேஷனில் மூட்டைகளுக்கு நடுவே ஆண்டியப்பன் நின்றார். வேலாயி புதுச்சேலை கட்டியிருந்தாள். பயணத்துக்கு எடுத்த சேலை. அவளை அவன் பார்த்தான். அவள் தண்டவாளத்தைப் பார்த்தாள்.

மூச்சு வாங்கியது. சுற்றி நின்ற கூட்டம் விலகியது.

"ஐயா," என்றான் ஆண்டியப்பனிடம். "உங்கட மகளை எனக்குத் தாங்கோ."

ஓர் உத்தியோகத்தர் தன்னை ஐயா என்று கூப்பிடுவதை ஆண்டியப்பன் வாழ்நாளில் கேட்டதில்லை. தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"பாஸ்போர்ட்டுல பேரு எழுதியாச்சுங்க," என்றார் கடைசியில். "முத்திரை குத்தியாச்சு. இனிமே இவ இங்க நின்னா, கள்ளத்தோணின்னு போலீசு புடிச்சிட்டுப் போவான். ஒரு மாசத்துக்கு முந்தி இந்த ஒரு வார்த்தைய நீங்க சொல்லியிருந்தா... நான் ஏங்க வேணாங்கப் போறேன்?"

அவர் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவனுக்குத் தாங்க முடிந்திருக்கும்.

ரயில் வந்தது. மூட்டைகள் ஏறின. ஆட்கள் ஏறினார்கள். கொடி அசைந்தது. செல்வரத்தினமும் ஏறினான்.

"ஐயா, வண்டி கெளம்பிருச்சு! எறங்குங்க!"

"நான் தலைமன்னார் மட்டும் வாறன்."

"வந்து?"

மண் எங்கே முடிகிறதோ அதுவரை வரலாம். அதற்கப்பால் கடல். அவ்வளவுதான் அவனால் முடிந்தது.

வேலாயியின் எதிரில் உட்கார்ந்தான். வெள்ளைக் கோட்டோடு, காலில் சேறு படிந்த சப்பாத்தோடு. பெட்டி முழுவதும் ஊரை விட்டுப் போகிற சனம். எல்லோரும் அவர்களையே பார்த்தார்கள். வெளியே தேயிலை மலைகள் பின்னால் போய்க்கொண்டிருந்தன. கொட்டகலை வந்தது, போனது. அவள் மலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவற்றை அவள் இனிப் பார்க்க மாட்டாள்...

சிங்கமலைச் சுரங்கத்துக்குள் ரயில் நுழைந்தது. திடீரென்று இருட்டு. புகை. சக்கரங்களின் சத்தம். எதிரில் இருப்பவரின் முகம்கூடத் தெரியவில்லை.

"வேலாயி... எனக்கு உம்மில விருப்பம். மழைக்குள்ள நிண்டு என்னை நிமிந்து பாத்தீரே, அப்பவே. சொல்லப் பயந்தனான். என்னை மன்னிக்க வேண்டாம். தெரிஞ்சால் மட்டும் போதும்."

சக்கரங்கள் உருண்டன. பதில் வராது என்று நினைத்தான்.

"எனக்கும்தாங்க," என்றது இருட்டு. "கடலைத் தாண்டறதுக்குள்ள உங்ககிட்ட இதைச் சொல்லிரணும்னு இருந்தேன். உங்களைத்தாங்க எனக்குப் புடிச்சிச்சு. வேற யாரு தாலி கட்டுனாலும், புடிச்சது நீங்கதான்."

ஐயா என்ற சொல் அதில் இல்லை. அவன் அதைக் கேட்டான்.

"சொல்லிட்டேன். இனிமே வராதீங்க. ஹட்டன்ல எறங்கிருங்க. கப்பல் போறப்ப கரையில நீங்க நிக்கிறதைப் பாத்துட்டு... என்னால அங்க போயி உசிரோட இருக்க முடியாதுங்க."

வெளிச்சம் வந்தது. அவள் கன்னம் முழுவதும் நனைந்திருந்தது. இந்தத் தடவை அவனுக்குச் சந்தேகம் வரவில்லை. பெட்டியில் எல்லோருக்கும் கேட்டிருந்தது. ஆண்டியப்பன் மட்டும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹட்டனில் ரயில் நின்றது. செல்வரத்தினம் எழுந்திருக்கவில்லை.

ஆண்டியப்பன் மகளுக்குப் பக்கத்தில் கிடந்த மூட்டையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"இப்பிடி வந்து உக்காருங்க," என்றார். "தலைமன்னாருக்கு ரொம்பத் தூரம்."